நாலு மணிக் காற்று

ராஜகீழ்ப்பாக்கம்,
23 பிப்ரவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

வில்பிரட் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் தங்கை ஜெனியும் சுகம். கோத்தகிரிக் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? ஆஷாவும் அவள் வீட்டுக்காரரும் நலமா?

போன ஞாயிறு போனில் நான் கத்திய கத்தலுக்குத் தெரு நாய்தான் பதில் சொன்னது. உங்கள் காதுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. விமானப்படையில் காலமெல்லாம் எஞ்சின் பக்கத்திலேயே நின்ற காது, அதைக் குறை சொல்லி என்ன பயன். வாட்ஸப்பும் உங்களுக்கு ஆகாது. ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கார் ஷெட்டில் நாம் இருவரும் ஆறு வருஷமாகக் கட்டிய தும்பி இப்போது முழு விமானம். இறக்கையைப் பூட்டினால் பறக்கும். போன வருஷம் நீங்கள் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகு மிச்ச வேலையை நான் ஒருத்தனாகத்தான் பார்த்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஒரே சிக்கல், எஞ்சின் சுடுகிறது. பக்கத்துக் காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போய், நீங்கள் காட்டிய அதே வேப்பமரத்தில் வாலைக் கட்டி, முழு வேகத்தில் ஓட்டுகிறேன். கொஞ்ச நேரத்திலேயே வெப்ப முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. பின்னால் இருக்கும் இரண்டு சிலிண்டர்கள்தான் ரொம்ப மோசம். மே மாத நடுவில் பரிசோதகர் ஸ்ரீரங்கன் வருகிறார். அவர் கண் முன்னால் அரை மணி நேரம் சிவப்பைத் தொடாமல் ஓட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான் திரும்ப வருவாராம். பிப்ரவரியிலேயே இப்படி என்றால் கத்திரி வெயிலில் என்ன ஆகும்?

அடுத்த வருஷம் வரை காத்திருக்க எனக்கு மனசில்லை. நமக்கு வயசு குறையப்போவதில்லை. பக்கத்து சீட் உங்களுடையது என்று முதல் நாளே பேசி வைத்திருக்கிறோம். எப்போது வருகிறீர்கள்?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
வில்பிரட்

---

கோத்தகிரி,
5 மார்ச் 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஆரோன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். குளிர் நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. ஆஷா குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி போட்டிருக்கிறாள். அதில் துண்டு காயப்போட வசதியாக இருக்கிறது.

எஞ்சின் விஷயம். முதலில் ஒன்று சொல்கிறேன், மூக்குத் துளைகளில் கை வைக்காதீர்கள். காற்று உள்ளே போகிற அந்த இரண்டு துளைகளைப் பெரிசாக்கினால் குளிர்ந்துவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கையில் ரம்பம் கிடைத்தால் நீங்கள் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. உள்ளே போன காற்று சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கி, அடிப்பக்க இடுக்கு வழியாகப் பின்னால் வெளியேற வேண்டும். வெளியேற வழி இல்லாவிட்டால் எவ்வளவு உள்ளே விட்டாலும் வீண். கல்யாண வீட்டில் பந்தி எழுந்திருக்காமல் அடுத்த ஆளை எங்கே உட்கார வைப்பீர்கள்?

ஆகவே அடி இடுக்கை நான்கு விரல் அகலத்துக்கு விரித்துப் பாருங்கள். மூக்கைத் தொட வேண்டாம்.

இங்கே கேரட் நன்றாக விளைந்திருக்கிறது. ஜெனிக்கு என் அன்பைச் சொல்லவும்.

அன்புடன்,
ஆரோன்

---

ராஜகீழ்ப்பாக்கம்,
17 மார்ச் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே சுகம், அங்கே உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்தபோது மூக்கு ஏற்கெனவே பெரிசாகியிருந்தது. என்ன செய்வது, தபால்காரரைவிட என் ரம்பம் வேகம். இப்போது தும்பியைப் பார்த்தால் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது. எஞ்சின் முன்னைவிடக் கூடுதலாகவே சுடுகிறது. ஜெனி உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் சிரித்தாள். அடி இடுக்கையும் விரித்திருக்கிறேன், கொஞ்சம் தேவலை.

காலி மனையின் சொந்தக்காரர் துளசிங்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இந்த ஏரியா வயலாக இருந்த காலத்தில் இங்கே உழுதவர். சத்தம் பற்றி ஒரு நாள் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "சார், காலீல ஆளுங்க வந்துகினே இருப்பாங்க, பேச முடியல. மத்தியானம் நான் சாஞ்சிடுவேன். நாலு மணிக்கு மேல இன்னா வேணா பண்ணிக்கோ" என்றார். நல்ல மனுஷன். அதனால் இப்போது தினமும் நாலு மணிக்குத்தான் சோதனை. அந்த நேரத்துக்கு வெயில் கொஞ்சம் தணிந்துவிடும், அதுவும் நமக்கு நல்லதுதான்.

நான் கேட்டதற்கு நீங்கள் கேரட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தேன்.

அன்புடன்,
வில்பிரட்

---

கோத்தகிரி,
27 மார்ச் 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

நானும் ஆஷா குடும்பமும் நலம். உங்கள் இருவர் நலனும் கோருகிறேன்.

மூக்கை அறுத்தது அறுத்ததுதான். தகரம் வைத்து ஒட்டிப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து, சிலிண்டர்களைச் சுற்றி இருக்கும் தகடுகளுக்கும் மேல் மூடிக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள். விரல் நுழைகிற இடத்தில் எல்லாம் காற்று தப்பித்துப் போகிறது என்று அர்த்தம். அது சிலிண்டரைத் தொடாமலே வெளியே போய்விடும். அந்த இடுக்குகளை ரப்பர் போட்ட துணியால் அடையுங்கள். தைக்கிற வேலையை ஜெனியிடம் கொடுங்கள், உங்கள் தையலை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே பனிமூட்டம் அதிகம். அதனால் நடைப்பயிற்சியைக் குறைத்துக்கொண்டேன். மற்றபடி காதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
ஆரோன்

---

ராஜகீழ்ப்பாக்கம்,
21 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அனைவருக்கும் எங்கள் ஈஸ்டர் வாழ்த்துகள். நேற்று ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, ஜெனி சமைத்த மட்டன் குழம்பைச் சாப்பிட்டு, இன்றைக்குத்தான் பேனாவைத் தொடுகிறேன். சுகத்துக்குக் குறைவில்லை.

ஜெனி தன் பழைய மழைக் கோட்டை வெட்டி இடுக்குகளுக்கு அழகாகத் தைத்துக் கொடுத்தாள். தும்பியை இத்தனை நாள் கொசு என்று கூப்பிட்டவள், இப்போது "என் கோட்டு போட்ட கொசு" என்கிறாள். அதற்குப் பிறகு நல்ல முன்னேற்றம். போன வாரம் துளசிங்கம் வீட்டார் கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இதுதான் சமயம் என்று காலையில் காப்பி குடித்த கையோடு ஓட்டினேன். அரை மணி நேரம் முழுசாக ஓடியது மச்சான். முள் அசையவில்லை. நான் சீட்டில் உட்கார்ந்தபடியே சத்தமாகப் பாடினேன், எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

அதே நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி ஓட்டினால் சிவப்பு. மறுநாளும் சிவப்பு. அப்படியானால் இது வெயில்தான். வெயிலை நான் எந்தத் துணியால் அடைப்பது? ஸ்ரீரங்கன் வேறு சாயங்காலம்தான் வருவாராம், காலையில் பல்லாவரத்தில் அவருக்கு வேறு வேலை. மே பதினாறு என்று தேதி கொடுத்துவிட்டார்.

இந்தத் தடவையும் நீங்கள் வருவதைப் பற்றி எழுதாவிட்டால் நான் கோபித்துக்கொள்வேன். நிஜமாகவே சொல்கிறேன்.

அன்புடன்,
வில்பிரட்

---

ராஜகீழ்ப்பாக்கம்,
5 மே 2025

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். உங்கள் சுகம் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. ஆஷாவுக்குப் போன் செய்தேன். "அப்பா நல்லா இருக்காங்க மாமா" என்று ஒரே வரியில் வைத்துவிட்டாள். கோபித்துக்கொள்வேன் என்று எழுதியது உங்களைப் புண்படுத்தியதா? விளையாட்டாகத்தான் எழுதினேன்.

கத்திரி பிறந்துவிட்டது. முள் சிவப்பிலேயே குடியிருக்கிறது. பதினாறாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்தான். ஒரு வரியாவது எழுதுங்கள்.

வில்பிரட்

---

ராஜகீழ்ப்பாக்கம்,
6 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் ஜெனி எழுதுவது. இது அவருக்குத் தெரியாமல் எழுதி, கூரியரில் அனுப்பும் கடிதம். நான் சுகம். நீங்கள் சுகமில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் அதைக் கேட்கவில்லை.

ஆஷா எல்லாம் சொல்லிவிட்டாள். ஈஸ்டர் முடிந்த மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்தீர்களாம். இது முதல் தடவையும் இல்லையாம். காதுக்குள் இருக்கும் கோளாறுதான் தலைசுற்றலாக வருகிறது, பஸ் ஒரு வளைவு திரும்பினால்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள் என்றாள். விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டாராம். குளிருக்காக மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று எங்களிடம் சொன்னீர்களே அண்ணா. கேட்டதும் எனக்கு அழுகையாக வந்தது, அப்புறம் கோபம்தான் வந்தது.

ஏன் மறைத்தீர்கள் என்றும் புரிகிறது. பக்கத்து சீட்டுக்கு நீங்கள் இல்லை என்று தெரிந்தால் இந்த மனுஷன் தும்பியைப் பாதியில் போட்டுவிடுவார் என்று பயம். போட்டுவிடுவார்தான். ஆனால் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாரே, அதை நான் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? நானாக அவரிடம் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்கள்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. நாள் முழுக்க வெந்து, நாலு மணிக்குக் கடல் காற்று வந்ததும் காலி மனையில் மேற்கு ஓரமாக நாற்காலி போட்டு உட்காரலாம் என்றால், அந்த நேரம் பார்த்துத்தான் இவர் எஞ்சினைப் போடுகிறார். முழு வேகத்தில் ஓடும்போது பரவாயில்லை. வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் சூடு அத்தனையும் அந்த மூக்குத் துளை வழியாக என் முகத்தில் வந்து அடிக்கிறது. கடல் காற்றை வாங்கப் போனவளுக்கு அடுப்பு ஊதின மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு நாளாக உள்ளேயே ஃபேனைப் போட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

கைப்பிடியைப் பிடித்து நடக்கவும். அதில் துண்டு காயப்போட வேண்டாம்.

பாசத்துடன்,
ஜெனி

---

கோத்தகிரி,
9 மே 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். உங்கள் மீது கோபம் ஒன்றும் இல்லை. ஆஷாவிடம் கொடுத்து கூரியரில் அனுப்புகிறேன், உடனே கிடைக்க வேண்டும்.

விமானத்தைத் திருப்புங்கள்.

ஜெனி எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள், வெயிலைப் பற்றிப் புலம்பி. சாயங்காலம் எஞ்சின் சூடு மூக்கு வழியாகத் தன் முகத்தில் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறாள். மூக்கு என்பது காற்று உள்ளே போகிற இடம். அங்கிருந்து சூடு எப்படி வெளியே வரும்? பின்னாலிருந்து யாரோ தள்ளினால்தான் வரும். தள்ளுவது கடல் காற்று.

வேப்பமரம் மனையின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. வாலை அதில் கட்டினால் மூக்கு மேற்கைப் பார்க்கும். நாம் அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தது ஒரு ஜனவரி மாதக் காலை. அன்றைக்குக் காற்று மேற்கிலிருந்து வந்தது, எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு மரத்தை நாம் யோசிக்கவே இல்லை. நாலு மணிக்குக் கிழக்கிலிருந்து வரும் காற்று, சூடு வெளியேற வேண்டிய அடி இடுக்கில் நுழைந்து அடைத்துக்கொள்கிறது. கல்யாணத்தன்று காலையில் காற்று மேற்கிலிருந்து வந்ததால்தான் ஓடியது, வெயில் காரணம் இல்லை. ஊருக்கெல்லாம் குளிர்ச்சி தருகிற காற்று என்பதால் அதன் மேல் நமக்குச் சந்தேகமே வரவில்லை.

மூக்கைக் கடல் பக்கம் திருப்புங்கள். மேற்கே வாலைக் கட்ட ஏதாவது கனமாகத் தேடிக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆரோன்

---

ராஜகீழ்ப்பாக்கம்,
17 மே 2025

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம், சுகம், பரம சுகம். உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

கூரியர் வந்த அன்றைக்கே திருப்பிவிட்டேன். மேற்கு ஓரத்தில் ஒரு மரமும் இல்லை. கம்பம் நடலாமா என்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். தூக்கம் கலைந்து வந்த துளசிங்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா சார் பேஜாரு? நம்ம டிராக்டர் சும்மாதானே கீது, அதுல கட்டு" என்றார். இப்போது தும்பியின் வால் அவர் டிராக்டரில். அவருக்குச் சத்தம் பற்றிய புகாரெல்லாம் போயே போய்விட்டது, நாலு மணிக்கு முன்னால் அவரே வந்து டிராக்டரில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.

நேற்று ஸ்ரீரங்கன் வந்தார். அனல் பறந்தது. அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கடல் காற்று வேறு தாமதம். நான் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். காற்று வந்ததும் எஞ்சினைப் போட்டேன். அரை மணி நேரம் மச்சான், முழு வேகம். முள் பச்சையை விட்டு ஏறவே இல்லை. ஸ்ரீரங்கன் கையெழுத்துப் போட்டுவிட்டு, இப்படி ஒழுங்காகக் குளிர்கிற எஞ்சினைக் கத்திரியில் பார்ப்பது அபூர்வம் என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். ஜெனியின் மழைக் கோட்டையும் சொன்னேன்.

மதுராந்தகம் தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்தில் இடம் பேசியிருக்கிறேன். விதிப்படி கொஞ்ச காலம் நான் தனியாகத்தான் பறக்க வேண்டும். ஆகஸ்டில் நீங்கள் ஏறலாம். உங்கள் அளவுக்கு பெல்ட்டைக்கூடச் சரி பண்ணி வைத்துவிட்டேன். இனிமேல் சாக்குப்போக்கு எடுபடாது. ரயில் டிக்கெட் போடட்டுமா?

சந்தோஷத்துடன்,
வில்பிரட்

---

கோத்தகிரி,
27 மே 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஆஷாவுக்கும் படித்துக் காட்டினேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீங்கள் இருவரும் இப்படியே நலமாக இருக்க வேண்டும்.

டிக்கெட் போட வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது மட்டும் கெடவில்லை. காதுக்குள் உடம்பை நேராக நிறுத்துகிற பகுதியும் கெட்டுவிட்டது. தலையைத் திருப்பினால் அறை சுற்றுகிறது. அதனால்தான் மகள் வீட்டுக்கு வந்தேன். விமானத்தில் ஏறினால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுப்பேன், அல்லது பயத்தில் உங்கள் கையைப் பிடித்து இழுப்பேன். இரண்டும் ஆபத்து. டாக்டர் சொன்னதுதான், இனி எந்த நாளும் முடியாது.

முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்காக நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். தும்பி பறக்க வேண்டும் என்பது நான் ஏறுவதைவிட எனக்குப் பெரிசாக இருந்தது, இப்போதும் அப்படித்தான்.

அந்த சீட்டை ஜெனிக்குக் கொடுங்கள். அவள் கோட்டு, அவள் முகத்தில் அடித்த சூடு. என்னைவிட அவளுக்கு உரிமை அதிகம்.

அன்புடன்,
ஆரோன்

---

ராஜகீழ்ப்பாக்கம்,
8 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உடம்பு சுகம்தான். உங்கள் தலைசுற்றல் எப்படி இருக்கிறது? இனிமேல் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதம் வந்து சில நாள் ஷெட்டைத் திறக்கவில்லை. ஜெனியிடம் கடிதத்தை நீட்டினேன். கையில் வாங்காமலே "தெரியும்" என்றாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் இங்கே பெல்ட்டை உங்கள் அளவுக்குச் சரி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுதேன் மச்சான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தும்பி வேண்டாம் என்றுகூட நினைத்தேன். பிறகு, நீங்கள் இதற்குத்தானே இத்தனை நாள் பயந்தீர்கள் என்று ஞாபகம் வந்தது. ஷெட்டைத் திறந்துவிட்டேன்.

ஜெனியைக் கேட்டதற்கு, கொசுவின் மேல் ஏற எனக்கென்ன பைத்தியமா என்றாள். நேற்று சாயங்காலம் ஷெட்டுக்குப் போனால் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். பெல்ட் அவள் அளவுக்குக் குறைந்திருந்தது.

ஆனால் நீங்கள் வர வேண்டும். ஏற வேண்டாம், தரையில் நில்லுங்கள். ஆஷா கூட வரட்டும், மெதுவாக வாருங்கள், மேட்டுப்பாளையத்தில் ஒரு நாள் தங்கி ரயில் ஏறலாம். நீங்கள் அங்கே நிற்காமல் நான் ஜெனியை மேலே கூட்டிப்போவதாக இல்லை.

வில்பிரட்

---

கோத்தகிரி,
20 ஆகஸ்ட் 2025

அன்பு மாப்பிள்ளைக்கும் ஜெனிக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். மலைப்பாதை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஆஷாவின் தோளைப் பிடித்திருந்தேன். இப்போது சுகம். நீங்கள் இருவரும் களைப்பாறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை ஓடுதளத்தில் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்ததில் நான் சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. சொன்னாலும் உங்கள் பதில் எனக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் ஜெனியை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே இருக்க வேண்டியவன் நான் என்று தோன்றியது. சக்கரம் தரையை விட்டதும் ஆஷா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. எத்தனையோ எஞ்சின்களை நான் கேட்டுக் கேட்டே பழுது பார்த்திருக்கிறேன். நான் பூட்டிய எஞ்சின் முதல் தடவையாக என் தலைக்கு மேல் போனது, ஒன்றும் கேட்கவில்லை. தலையை அண்ணாந்தால் சுற்றும் என்பதால், புல்லில் ஓடிய அதன் நிழலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். நிழல் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பி வந்தது.

நீங்கள் இறங்கி நிறுத்தியதும் நான் நேராக எஞ்சின் மூடியிடம் போனேன். உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அப்போது பொறாமை எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அதற்குள் ஜெனி இறங்கி வந்துவிட்டாள். தலைமுடி கலைந்து, கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. சின்ன வயதில்கூட அவளை அப்படிப் பார்த்த ஞாபகம் இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரிய வேண்டும் என்று உதட்டை மெதுவாக அசைத்துச் சொன்னாள்.

"அண்ணா, மேல ஜில்லுனு இருக்கு."

முதல் தடவையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

மிகுந்த அன்புடன்,
ஆரோன்